தொப்பியைக் கண்டால்

கிங்ஸ்பரியில நான் வேலை செய்யிற நேர்சரியில மத்தியானச் சாப்பாடு முடிஞ்சதும் திரையை இழுத்துவிடுவம். சின்ன மெத்தையளில பிள்ளையள் சரிஞ்சு கிடப்பினம். அந்த மங்கல் வெளிச்சத்தில ஒரு பிள்ளையின்ர முதுகைத் தட்டிக்கொண்டிருக்க எனக்கும் கண் சொருகும். லண்டன் கொஞ்சம் கொஞ்சமாக் கரைஞ்சு போகும். வெளியில பெய்யிற மழை தகரக் கூரையில விழுற மாதிரிக் கேக்கும். எந்த ஊர்ப் பிள்ளையைத் தட்டுறன் எண்டே தெரியாது.

சண்டை முடிஞ்ச பிறகு வன்னியில நான் படிப்பிச்சதும் இதே வயசுப் பிள்ளையளைத்தான். ஆனா அது ஆமி நடத்தின முன்பள்ளி. சம்பளமும் ஆமியின்ர கையாலதான். அப்பாவுக்கு ஷெல்லில ஒரு கால் போயிட்டுது, அம்மாவுக்குச் சீனி வருத்தம், ஒவ்வொரு நாளும் மருந்து. வேற ஆர் எனக்கு வேலை தரக் காத்துக்கொண்டு நிண்டவை? போனன். பால் கரைச்சுக் குடுத்தன், பாட்டுச் சொல்லிக் குடுத்தன், மூக்குத் துடைச்சுவிட்டன். ஆமிப் பெரிய ஐயா தொப்பியோட ஜீப்பில புழுதியைக் கிளப்பிக்கொண்டு வந்தால் மட்டும் எல்லாத்தையும் போட்டிட்டுப் பிள்ளையளை வரிசையில நிப்பாட்டவேணும். கை ரெண்டும் பக்கத்தில. மூச்சுக் காட்டப்படாது.

தேர்தல் வந்தால் எங்களுக்கும் அரசாங்கக் கட்சியின்ர தொப்பி, கொடி. பஸ்ஸில ஏத்திக்கொண்டுபோய்க் கூட்டத்தில இருத்துவினம். ஆமியின்ர தோட்டத்தில வேலை எண்டு எடுத்த ஊர்ப் பொடியளைத்தான் வீடு வீடா ஆள் சேர்க்க அனுப்புவினம். மேடையில இருக்கிறவர் கையைத் தூக்கினால் நாங்கள் கை தட்டுவம். மாட்டன் எண்டு சொல்ல ஏலுமோ?

இதை இங்க ஒருத்தருக்கும் நான் சொன்னதில்லை. எங்கட சனம் என்ன சொல்லும் எண்டு எனக்குத் தெரியாதோ? 'ஆமியின்ர ரீச்சர்' எண்டு ஒருக்கா வாயில விழுந்தால் சரி. அவளிட்டப் பிள்ளையை விடாதேங்கோ எண்டு ஒராள் சொல்ல, மற்றவையும் கூட்டிக்கொண்டு போயிடுவினம். பிள்ளையள் இல்லாட்டி எனக்கு இந்த ஊரில என்ன கிடக்கு? குளிரும் பஸ்ஸும்தான்.

போன விண்டரில ஒரு காலமை, பொலிஸ்காரர் ஒராள் பிள்ளையளைப் பாக்க வந்தார். இங்க அது ஒரு விளையாட்டு. தொப்பியைக் கழட்டிப் பிள்ளையளின்ர தலையில வைச்சுப் பகிடி விடுவினம். வருவார் எண்டு முதலே தெரியும். நானும் மற்ற மிஸ்ஸோட சிரிச்சுக்கொண்டுதான் நிண்டனான். கதவு திறந்துது. தொப்பி தெரிஞ்சுது.

அதுக்குப் பிறகு எல்லாம் கனவில நடக்கிற மாதிரி. ஒருத்தரும் ஓடேல்லை, ஒரு சத்தமும் இல்லை, என்ர கை தன்ர பாட்டில வேலை செய்யுது. ஒவ்வொரு பிள்ளையாத் தோளில பிடிச்சு நிப்பாட்டுறன். கை பக்கத்தில. நாடி மேல. "நேரா நில்லுங்கோ" எண்டு தமிழில சொல்லுறன். வெள்ளைப் பிள்ளை, குஜராத்திப் பிள்ளை, சோமாலியாப் பிள்ளை எல்லாம் ஒரே வரிசையில நிக்குதுகள். பாவங்கள், புது விளையாட்டு எண்டு நினைச்சுதுகள்.

பொலிஸ்காரர் சிரிச்சார். மற்ற மிஸ்ஸும் சிரிச்சா. பிள்ளையை விட வந்து கதவடியில நிண்ட ஒரு தாய் மட்டும் சிரிக்கேல்லை. முல்லைத்தீவுப் பக்கத்து ஆள் அவ. வரிசையில நிண்ட தன்ர மகனைப் பாத்தா, பிறகு என்னைப் பாத்தா. அட கோதாரி, பிடிபட்டிட்டன் எண்டு நினைச்சன்.

பின்னேரம் மகனைக் கூட்டிக்கொண்டு போக வரேக்கை என்னை ஒதுக்குப்புறமாக் கூப்பிட்டா.

"ஆமி நடத்தின பள்ளிக்கூடத்திலயோ அக்கா படிப்பிச்சனீங்கள்?"

பொய் சொல்ல வாய் வரேல்லை. கோவம்தான் வந்துது. "ஓம். அதுக்கென்ன? களவெடுக்கப் போனனானே?"

அவ என்ர கையைப் பிடிச்சா. "கத்தாதேங்கோ. என்ர தங்கச்சியும் ஊரில இப்பவும் அப்பிடி ஒரு இடத்திலதான் படிப்பிக்கிறாள். நானும் இங்க ஒருத்தருக்கும் சொல்லேல்லை."

எனக்கு உடம்பெல்லாம் லேசாப் போச்சுது. அழுகையே வந்திட்டுது. எத்தினை வருசமா இதைச் சுமந்துகொண்டு திரிஞ்சனான்! அவ போகேக்கை திரும்பி நிண்டு ஒண்டு சொன்னா.

"என்ர மகனை மட்டும் இனி அப்பிடி நிப்பாட்டாதேங்கோ அக்கா. தங்கச்சியிட்டயும் இதைத்தான் சொல்லுறனான், பிள்ளையளை நிப்பாட்டாதை எண்டு."

"சத்தியமா இல்லை" எண்டன்.

அடுத்த நாள் காலமை கதவைத் திறந்தன். அவவின்ர மகன் தாயின்ர கையை விட்டிட்டு ஓடி வந்து எனக்கு முன்னால நிண்டான். கை ரெண்டும் பக்கத்தில, நாடி மேல, மூச்சையும் பிடிச்சுக்கொண்டு. கண்ணில அவ்வளவு சந்தோசம்.

"விளையாடப் போ ராசா" எண்டன். அசையேல்லை. தாய் கதவடியில நிண்டு பாத்துக்கொண்டே இருக்கிறா. நான் முழங்காலை ஊண்டிக் குனிஞ்சு அவன்ர கையைப் பிடிச்சு மெல்ல இழுத்தன். விட்டதும் அது திரும்பப் போய்ப் பக்கத்தில ஒட்டிக்கொண்டுது.