பத்துப் பாசுர நேரம்

என் வேலைநாள் ஒன்பது மணிக்குத் தொடங்குவதாக அலுவலகம் நினைத்துக்கொண்டிருந்தது. எனக்கோ அது நான்கு மணிக்கே தொடங்கிவிடும். நீராடி, வாசலில் கோலமிட்டு, பெருமாள் திருமுன் விளக்கேற்றிப் பாசுரம் சொல்லிச் சேவித்து, அடுப்பில் தளிகை முடித்து, ஏழரை மணி பஸ்ஸைப் பிடிப்பேன். காவிரிப் பாலத்தின்மேல் மலைக்கோட்டை கண்ணில் படும்போது மனம் ஆய்வுக்கூடத்துக்குள் நுழைந்திருக்கும்.

வாழையில் உள்ள ஒரு நொதியை நாங்கள் ஆராய்ந்துவந்தோம். அரிந்த வாழைப்பூவை மோரில் போடாவிட்டால் கறுத்துப்போகிறதே, அந்த நொதியின் வேலைதான் அது. காய்ச்சாறு நிரம்பிய குழாய்களை வெதுவெதுப்பான நீர்த்தொட்டியில் பத்து நிமிடம் அசைத்துக்கொண்டே இருந்து, அந்த நொடியில் அமிலம் விட்டு நிறுத்த வேண்டும். எவ்வளவு கறுத்திருக்கிறது என்பதைக் கருவி சொல்லும். காலையில், நண்பகலில், பிற்பகலில் என நாள்தோறும் மூன்று முறை இதைச் செய்தேன்.

குழாய்களிலிருந்து கண்ணெடுத்துக் கடிகாரத்தைப் பார்ப்பது எனக்கு ஒத்துவரவில்லை. மனத்துக்குள் நிறுத்தி நிதானமாகச் சேவித்தால் பாசுரம் ஒன்றுக்கு ஒரு நிமிடம் ஆகிறது என்று கண்டேன். ஆவணி முழுவதும் கடிகாரத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். ஓரிரு நொடிகூட மிகவில்லை. அதன்பின் காலையில் சேவிப்பவற்றுள் கடைசிப் பத்துப் பாசுரங்களே என் கடிகாரமாயின.

என்னுடன் பணிபுரிந்த தோழி, பொன்மலை ரயில்வே குடும்பத்தில் பிறந்தவர். என்னை விட இரண்டு வயது இளையவர். அளவுகளைத் தொகுத்து வரைபடம் போடுவது அவர் பொறுப்பு. மார்கழி பாதி கடந்ததும் ஒருநாள் ஓடி வந்தார்.

“மாமி, பாருங்க! குளிர்காலக் காயில நொதி அஞ்சுல ஒரு பங்கு கூடியிருக்கு!”

இருவரும் குழந்தைகளைப் போலக் கைகோத்துக்கொண்டோம். பணியில் சேர்ந்த நாள் முதல் அவர் பெயர் எந்தக் கட்டுரையிலும் முதலாவதாக வந்ததில்லை. இதை அவரே எழுதி, திருச்சியில் நடக்கவிருந்த கருத்தரங்கில் படிப்பதென்று முடிவாயிற்று. பொங்கல் விடுமுறை முடிந்த வாரத்தில் கட்டுரைச் சுருக்கத்தை அனுப்ப வேண்டும். ஆனால் தை பிறந்ததும் அளவுகள் பழையபடி இறங்கிவிட்டன.

“குளிர் அப்படியேதான் இருக்கு. நொதி மட்டும் பொங்கல் சாப்பிட்டுட்டுத் தூங்கிடுச்சா?” என்று அவர் குழம்பினார்.

சுருக்கம் அனுப்ப வேண்டிய நாளின் காலையில், நான் சேவித்து எழுந்ததும் என் கணவர், “என்ன, இப்பல்லாம் சீக்கிரமா முடிச்சுடறே?” என்றார்.

“மார்கழிதான் போயிடுத்தே. சாத்துமுறைப் பாசுரம் ரெண்டையும் ரெண்டு தடவை சேவிக்க வேண்டாமே” என்றேன்.

சொன்ன மாத்திரத்தில் காபியைக் கீழே வைத்துவிட்டேன். மார்கழி முழுவதும் விடியற்காலையில் கோயில் கோஷ்டியோடு அப்படியே சேவித்துப் பழகிய நாவு, நீர்த்தொட்டியின் அருகிலும் கடைசி இரண்டையும் தானாகவே இருமுறை சொல்லியிருக்கிறது! பத்து நிமிடம் பன்னிரண்டாகியிருக்கிறது. ஐந்தில் ஒரு பங்கு கூடியது நொதியன்று, என் நேரம்.

அன்று பாலத்தின்மேல் மலைக்கோட்டையை நான் பார்க்கவில்லை. தோழியின் மகிழ்ச்சியை எப்படிப் பறிப்பது என்ற கலக்கமே நெஞ்சை நிறைத்திருந்தது. அவர் எதிரில் நின்று ஒளிக்காமல் சொன்னேன். அவர் கைபேசியை எடுத்து நேரம் பார்க்கத் தயாரானார்.

“சேவிங்க மாமி. மார்கழி மாதிரியே.”

கண்மூடிச் சேவித்து, முடிந்ததும் கையை உயர்த்தினேன்.

“பன்னெண்டு நிமிஷம்! ஒரு நொடி பிசகல!” அவர் சிரித்த சிரிப்பில் அடுத்த அறையிலிருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். “உங்க பெருமாள் எனக்கு ஒரு கண்டுபிடிப்பு குடுத்து, பொங்கலுக்குத் திருப்பி வாங்கிட்டாரே!”

மார்கழிக் காய்ச்சாற்றில் ஒரு பகுதி உறைபெட்டியில் பத்திரமாக இருந்தது. அன்றே மூன்று முறையும் கைபேசிக் கணக்கில் அளந்தோம். மற்ற மாதங்களின் அளவோடு அது இம்மியும் வேறுபடவில்லை. தோழி சுருக்கத்தை அடித்துத் திருத்தி, பருவம் மாறினாலும் இந்நொதி மாறுவதில்லை என்று எழுதி, தம் பெயரை முதலில் இட்டு, மாலை மணி ஐந்தடிக்குமுன் அனுப்பிவைத்தார். எஞ்சிய சாற்றையும் அடுத்த இரண்டு வாரங்களில் அளந்து உறுதிசெய்துகொண்டோம்.

கருத்தரங்கில் மயில்கழுத்து நிறப் பட்டுடுத்தி அவர் நிமிர்ந்து நின்று படித்தபோது எனக்குக் கண் பனித்தது. கேள்வி நேரத்தில் முன்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்து, “பத்து நிமிஷத்தை எப்படி இவ்வளவு துல்லியமா நிறுத்தினீங்க?” என்று கேட்டார்.

தோழி என்னைப் பார்த்தார். உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

“முதல்ல பாசுரம் சொல்லி அளந்தோம் சார். மார்கழியில அது பன்னெண்டு நிமிஷமாயிடும்னு தெரிஞ்சதும், அந்த மாசத்துச் சாறு எல்லாத்தையும் கடிகாரம் வெச்சு மறுபடி அளந்தோம்.”

அரங்கம் முழுவதும் சிரித்தது. கேட்டவரும் சிரித்துக்கொண்டே கை தட்டினார். எல்லாரையும் விட உரக்கச் சிரித்தவள் நான்தான்.