ஜாவா பிள்ளையாருக்குத் தோப்புக்கரணம்

இன்றும் லோட்ஷெடிங்; மின்சாரம் போய்விட்டது. வங்கியில் சீக்கிரமே அனுப்பிவிட்டார்கள். டிராமில் கூட்டம் தாங்கவில்லை என்று மியூசியத்துக்குள் நுழைந்தேன்.

தாழ்வாரத்தில் ஜாவாவிலிருந்து வந்த கல் பிள்ளையார். உள்ளங்கால் இரண்டையும் ஒட்டவைத்து உட்கார்ந்திருக்கிறார். நம்மூரில் அப்படிப் பார்த்ததே இல்லை. ஆனால் அதே தொந்தி, அதே தும்பிக்கை, கிண்ணத்தில் அதே இனிப்பு. கடலுக்கு அப்பால் இருந்த சிற்பி எப்படித்தான் பிடித்தானோ! என்னையறியாமல் மூன்று தோப்புக்கரணம் போட்டுவிட்டேன்.

வங்காளிக் காவலாளி ஓடிவந்தார். "தாதா, உடம்புக்கு என்ன?" என்றார், அவர்கள் வழக்கப்படி என்னை அண்ணனாக்கி.

"ஒண்ணுமில்ல. எங்க ஊர்ல இவரை இப்படித்தான் கும்பிடுவோம்."

"இவர் ஜாவாக்காரர் ஆச்சே, புரியுமா?"

"பிள்ளையாருக்குப் புரியாமலா?"

வாசலில் திரும்பிப் பார்த்தேன். காவலாளி காதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து எழுந்துகொண்டிருந்தார், கைகளைக் குறுக்கே மாற்றாமல்.

திருத்தவில்லை. காலையே வேறு மாதிரி வைத்திருப்பவர் கையையா பார்க்கப்போகிறார்? நீங்களே சொல்லுங்கள்.