ஹெலன் மடிக்கு வந்த குழந்தை

அன்புத் தோழிகளே,

இன்று அனந்தபுரத்திலிருந்து செஞ்சிக்குத் திரும்பும் பஸ்ஸில் நடந்ததை உடனே உங்களுக்கு எழுதாவிட்டால் மனம் ஆறாது.

மாணவர் பரிமாற்றத்தில் அமெரிக்காவிலிருந்து வந்து எங்கள் வீட்டில் தங்கியிருக்கிறாளே ஹெலன், அவளுக்கும் எனக்கும் உட்கார இடம் கிடைத்துவிட்டது. நின்றுகொண்டிருந்த ஓர் அம்மாள், ஒரு வார்த்தை பேசாமல், தன் கைக்குழந்தையை ஹெலன் மடியில் வைத்துவிட்டுக் கூட்டத்தோடு முன்னால் போய்விட்டார்.

"குழந்தையை விட்டுவிட்டுப் போகிறாள், கூப்பிடு!" என்று ஹெலன் ஆங்கிலத்தில் பதறினாள்.

இங்கே இது வழக்கம்தான் என்றேன். அவள் நம்பவில்லை. எழுந்து நின்று, தனக்குத் தெரிந்த தமிழில், "நில்லுங்க! அம்மா இல்ல!" என்று கத்தினாள்.

கண்டக்டர் விசில் ஊத, பஸ் நின்றது. எல்லாரும் விளக்கத்துக்காக என்னைப் பார்த்தார்கள். வகுப்பில் பெயர் கூப்பிட்டாலே எனக்குக் குரல் எழும்பாது என்பது உங்களுக்குத் தெரியும்.

"இன்னாம்மா, நனைச்சிட்டானா?" என்று முன்னாலிருந்து அந்த அம்மாள் கேட்டார்.

"இல்லீங்க, நீங்க உட்டுட்டுப் போயிட்டீங்கன்னு பயந்துட்டாங்க" என்று எப்படியோ சொல்லிவிட்டேன்.

பஸ்ஸே சிரித்தது.

"பெத்த புள்ளய உட்டுட்டு எங்க போவப் போறேன்? எறங்கறப்ப வாங்கிக்கிறேன்னு சொல்லு."

செஞ்சியில் குழந்தையைக் கொடுத்த பிறகு ஹெலன், "முன்பின் தெரியாத என்னை எப்படி நம்பினார் என்று கேள்" என்றாள். கேட்டேன்.

"அதான் ஒக்கார எடம் கெடச்சிருந்துதே!"

எனக்கு இது நன்றாகவே புரிகிறது. பி.ஏ. படித்தும் ஹெலனுக்கு விளக்கத்தான் முடியவில்லை. உங்களில் யாருக்காவது முடிந்தால் உடனே எழுதுங்கள். அவள் விடுவதாக இல்லை.