கோணல் பின்னல்

லிஃப்டுகளைப் பழுதுபார்ப்பது அவர் வேலை. எட்டு வயது மகள் மூளைக்காய்ச்சலில் மூன்றே நாளில் போய்விட்டாள். வீடே நொறுங்கிக் கிடக்க, மருத்துவமனையில் கையெழுத்துப் போட்டதும், வண்டி பேசியதும், வந்தவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டதும் அவர்தான். “நீ இடிஞ்சு போனா உன் பொண்டாட்டி யாரைப் பிடிச்சுக்கிட்டு நிப்பா? ஆம்பளையா இருடா” என்று அண்ணன் தோளைத் தட்டினார். இருந்தார். ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. ஒன்பதாம் நாள் வேலைக்குப் போனார்.

மனைவிக்கு அது பொறுக்கவில்லை. “பெத்த பிள்ளை போயிருக்கு. உங்களுக்கு ஒண்ணுமே இல்லையா?” என்று கேட்டாள். அவர் வாயைத் திறக்கவில்லை. அதற்குப் பிறகு அவளும் திறக்கவில்லை. சாப்பாடு மட்டும் மேசைக்கு வந்தது.

லிஃப்டின் கூரைமேல் உட்கார்ந்தால் யார் கண்ணிலும் பட வேண்டியதில்லை. வேலை விவரம் குறிக்கும் சர்வீஸ் தாள்களின் பின்பக்கத்தில் பென்சிலால் அங்கேதான் எழுதத் தொடங்கினார். பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்ததைத் தவிர கவிதைக்கும் அவருக்கும் சம்பந்தமே கிடையாது.

ஒருநாள் அசந்து மறந்து அப்படி ஒரு தாள் மற்ற தாள்களோடு போய், கூட வேலை செய்யும், ‘கிரீஸ்’ என்று எல்லோரும் பட்டப்பெயர் வைத்துக் கூப்பிடுபவன் கையில் சிக்கியது. எதற்கெடுத்தாலும் கேலி பேசும் ஆள். சாப்பாட்டு வேளையில் எல்லோர் முன்னாலும் ராகம் போட்டு வாசிக்க ஆரம்பித்தான்.

அம்மாவுக்கு உடம்பு சரியில்லாத காலை
ஸ்பானர் பிடித்த கையால் உனக்குத் தலை பின்னினேன்
ஒன்று மேலே, ஒன்று கீழே
சிவப்பு ரிப்பன் வழுக்கி வழுக்கி விழுந்தது
நீ அவிழ்க்கவில்லை
சாயங்காலம் வரை எல்லோரிடமும்
அப்பா பின்னினது என்றாய்

நாலாவது வரியில் ராகம் நின்றது. கடைசி வரி அவன் வாய்க்குள்ளேயே போய்விட்டது. சிரித்துக்கொண்டிருந்தவர்கள் குனிந்து சாப்பிடத் தொடங்கினார்கள்.

கிரீஸ் தாளை மடித்து அவரிடம் கொடுத்தான். “மன்னிச்சிடுங்கண்ணே. எனக்கும் பொண்ணு இருக்கு. ஒருநாள்கூட நான் அவ தலையில சீப்பு வச்சதில்ல.” பிறகு கேட்டான்: “அண்ணிகிட்ட காட்டினீங்களா?”

“எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுடா காட்டுறது?”

ஆனாலும் அன்று மாலை காட்டினார். மேசைமேல் வைத்துவிட்டு நின்றார். அவள் இரண்டு தடவை படித்தாள்.

“சிவப்பு இல்ல. நீலம்.”

“சிவப்புதானே கட்டினேன்?”

“நீலம். படுத்துக்கிட்டே பாத்தேன். நான் வாங்கினது எனக்குத் தெரியாதா?” சொல்லும்போதே அவள் குரல் உடைந்தது. “இத்தனையையும் உள்ளேயே வச்சுக்கிட்டு என்னைத் தனியா அழ விட்டுட்டீங்களே!”

அவர் அப்படியே தரையில் உட்கார்ந்தார். நாற்பத்திரண்டு வயது மனிதர், மூக்கொழுக, வாய்விட்டு அழுதார். அவள் தேற்றவில்லை. பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள், அவ்வளவுதான்.

துக்கம் குறைந்ததா என்றால், இல்லை. எழுதும் தாள்கள் மட்டும் இப்போது வீட்டுக்கு வருகின்றன. “அவ அப்படிச் சொல்லல, இப்படிச் சொன்னா” என்று சில வரிகளை அவள் அடித்துவிடுவாள். அவர் மறுபேச்சில்லாமல் திருத்தி எழுதுவார்.