பின்னால நிக்கறவங்களை அழிக்கிற லென்ஸ்

கல்யாண வீட்டுல சிரிக்கச் சொல்றதும் நாமதான், சாவு வீட்டுல கொஞ்சம் நவுந்து நின்னு அழுங்கன்னு சொல்றதும் நாமதான், இப்படி ஒரு தொழிலை யாரும் ஆசைப்பட்டு எடுத்துக்கறதில்ல.

திண்டிவனத்துல எனக்கு ஒரு ஸ்டூடியோ இருக்கு. பழைய கேமராவைத் தள்ளிட்டு மிர்ரர்லெஸ்ங்கற புது மாடலுக்கு மாறினப்போ என் பேஜாரெல்லாம் தீர்ந்துச்சுன்னு நெனச்சேன். கேமரா வாங்கறது சுலபங்க. லென்ஸ் வாங்கறப்பதான் மாட்டிக்குவோம். நீங்களும் மாட்டியிருப்பீங்க, வெளியில சொல்லியிருக்க மாட்டீங்க. போன வருஷம் ஒரு குடும்பத்துக்கு அவங்க வீட்டுப் பெரிய மனுஷரோட ஒரு நல்ல படம் வேண்டியிருந்துச்சு. ஒரே ஒரு படம். அது என்கிட்டதான் இருக்கணும். அங்க போய்ச் சேர்றதுக்கு முன்னால என் லென்ஸுங்க என்ன பாடு படுத்துச்சுன்னும் சொல்லிடறேன்.

ஆளைத் தெரிஞ்சு வெச்சுக்கிற கேமரா

விழுப்புரத்துல ஜாபர் பாய்னு ஒருத்தர். ஊரு கோட்டக்குப்பம். அவரு தம்பி துபாய்ல இருக்காரு, லீவுக்கு வரும்போதெல்லாம் லென்ஸ் கொண்டாந்து குடுப்பாரு, பாய் அதை எங்களை மாதிரி ஆளுங்களுக்கு விப்பாரு. எல்லாத்துக்கும் ஒத்து வர்ற மாதிரி ஒரு ஜூம் லென்ஸ் வாங்கலாம்னுதான் நான் போனேன். பாய் அதைப் பையை விட்டு வெளியிலயே எடுக்கல. எண்பத்தஞ்சு எம்.எம். லென்ஸை எடுத்து என் கேமராவுல மாட்டி, வெளிச்சம் உள்ள போற ஓட்டையை, அதான் அப்பர்ச்சரை, முழுசா தொறந்து, டீக்கடை வாசல்ல நின்ன ஒரு ஆளை எடுத்துக் காட்டினாரு. அந்த ஆளோட கண் இமை முடி ஒண்ணொண்ணாத் தெரியுது. பின்னால இருந்த பஸ் ஸ்டாண்டு, பூக்காரம்மா, ஜனங்க எல்லாம் கரைஞ்சு சாயத்தண்ணி மாதிரி ஆயிட்டாங்க. எனக்கு அப்பவே மனசு வுழுந்துடுச்சு.

அது மட்டும் இல்ல. பொண்ணு மாப்பிள்ளை முகத்தைக் காலையிலயே கேமராவுல பதிஞ்சு வெச்சுட்டா, அப்புறம் எத்தனை கூட்டத்துல இருந்தாலும் அவங்க கண்ணைத்தான் அது தேடிப் போய்ப் புடிக்கும். நாம கையை வெச்சுக்கினு சும்மா அமுக்கினா போதும். இதையெல்லாம் காட்டிட்டு பாய் சொன்னாரு: "யாரு முக்கியம்னு இதுகிட்ட ஒரு தபா சொல்லிடு தம்பி. அப்புறம் மத்தவங்களை அது திரும்பிக்கூடப் பாக்காது."

யானைக்கால்

சாவு வீட்டுல நமக்கு என்ன வேலைன்னு வெளியூர்க்காரங்க கேப்பாங்க. சுடுகாட்டுக்கு எடுக்கறதுக்கு முன்னால செத்தவரைச் சேர்ல உக்கார வெச்சு, மாலை போட்டு, சுத்தி குடும்பமே நின்னு ஒரு படம். அது இல்லேன்னா எங்க பக்கத்துல சாவே முடியாது. அப்படி ஒரு வீட்டுக்குப் போனேன். சந்து ரொம்பக் குறுகல். பின்னால போனா சாக்கடை. வேற வழியில்லாம, கிட்ட நின்னே அகலமா எடுக்கற வைடு லென்ஸை மாட்டி அத்தனை பேரையும் உள்ள அடைச்சு எடுத்தேன். வைடுல எது கிட்ட இருக்கோ அது பெருசாவும், ஓரத்துல நிக்கற மூஞ்சி இழுத்துக்கினும் வரும்னு உங்களுக்குத் தெரியும். சாவு வீட்டுக்குத் தெரியுமா? அந்தப் பெரியவரு காலு கேமராவுக்குக் கிட்ட இருந்துச்சு.

பிரிண்டை அவரு பெரிய பையன் வாங்கிப் பாத்தாரு. மொட்டை போட்டிருந்தாரு, கண்ணு இன்னும் வீங்கித்தான் இருந்துச்சு. கோபம் வந்திருந்தாக்கூட நான் பதில் பேசியிருப்பேன். அவரு தணிஞ்ச குரல்லதான் சொன்னாரு: "எங்கப்பாருக்கு யானைக்கால் எல்லாம் கிடையாதுங்க. பாக்கறவங்க தப்பா நெனப்பாங்க, காலை மட்டும் வெட்டிடுங்க."

அட்சதை

பழைய கேமராவுல லென்ஸைக் கழட்டினா உள்ள ஒரு கண்ணாடி குறுக்க நிக்கும். மிர்ரர்லெஸ்ல அந்த மறைப்பு இல்ல. கழட்டின உடனே படம் பதியற சென்சார் வாயைப் பொளந்துக்கினு வெளியில நிக்கும். இது தெரிஞ்சும் ஒரு கல்யாணத்துல, தாலி கட்டற நேரத்துல, எண்பத்தஞ்சைக் கழட்டிட்டு வைடை மாட்டப் போனேன். ஐயரு கையைத் தூக்கினாரு. கெட்டிமேளம் கொட்டிச்சு. மண்டபமே எழுந்து அட்சதையை வீசிச்சு. மஞ்சள் அரிசி ஒண்ணு சரியா சென்சார் மேல போய் உக்காந்துச்சு. ஊதினேன், கவுத்தேன், தட்டினேன். அரிசி வந்துடுச்சு, மஞ்சள் வரல. தாலி கட்டினதுக்கு அப்புறம் எடுத்த எல்லாப் படத்துலயும் ஒரு கறை. பொண்ணு நெத்தியில, மாமியார் கன்னத்துல, எங்க பாத்தாலும் அது.

ரெண்டு கேமரா வெச்சுக்க வேண்டியதுதானேன்னு கேப்பீங்க. நீங்க வாங்கிக் குடுங்க, ரெண்டு தோள்லயும் மாட்டிக்கறேன். அன்னிக்கு ஒண்ணு முடிவு பண்ணேன். மேடை ஏறிட்டா, அட்சதை வுழுந்து முடியற வரைக்கும் லென்ஸைக் கழட்டறது இல்ல. எது மாட்டியிருக்கோ அதோடயே ஓட்டிட வேண்டியதுதான். நான் மூலையில குந்திக்கினு ஊதறதைப் பாத்துட்டு மாப்பிள்ளையோட தாய்மாமன் சொன்னாரு: "விடுப்பா, ஊரே ஆசீர்வாதம் பண்ணும்போது உன் கேமராவுக்கும் ஒரு அரிசி வுழுந்துச்சு, அவ்ளோதான்."

பட்டு வேட்டி

இப்ப அந்தக் குடும்பத்துக்கு வர்றேன். ஓமந்தூர் பக்கத்துல ஒரு கிராமம். ஏழுமலைன்னு பேரு, மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, போடறவரு. ஒரே பொண்ணு அமுதா, மெட்ராஸ்ல கம்பெனி வேலை. கல்யாணம் திண்டிவனத்துல ஒரு சின்ன மண்டபத்துல. மேடைக்குப் பின்னால சுண்ணாம்பு உதிர்ந்த சுவரு, பக்கத்துல கொரகொரன்னு சுத்தற ஸ்டாண்டு ஃபேன், தோள்ல துண்டைப் போட்டுக்கினு வாயைப் பாத்துக்கினு நிக்கற சொந்தக்காரங்க. அமுதா மேக்கப்புக்கு உக்காந்துக்கினே என்னைக் கூப்பிட்டுச் சொல்லிச்சு: பின்னால எதுவும் தெரியக்கூடாதுண்ணா, ஒருத்தரும் தெரியக்கூடாது, எல்லாம் மங்கி அவுட் ஆகிடணும், ஆபீஸ்ல பாப்பாங்கன்னு. அந்தப் பொண்ணு மேல எனக்குக் கோபம் இல்ல. எல்லாப் பொண்ணுங்களும் இப்ப அதைத்தான் கேக்குதுங்க. நானும் அதுக்குத்தானே அந்த லென்ஸை வாங்கினேன்.

அதை ஏழுமலை கதவாண்ட நின்னு கேட்டுக்கினு இருந்தாரு. பட்டு வேட்டி, புதுச்சட்டை. காலர்ல ஒட்டியிருந்த சைஸ் ஸ்டிக்கரைக்கூட யாரும் எடுத்து விடல. காலையிலேர்ந்து அந்த மனுஷன் ஒரு எடத்துல நிக்கல. பந்தியில சாம்பார் பத்தலன்னு ஓடுவாரு, கேன் தண்ணி வரலன்னு ஓடுவாரு. தாரை வார்க்கக் கூப்பிட்டப்போ ஈரக் கையைத் துண்டுல தொடைச்சுக்கினே வந்து மேடை ஏறினாரு. பொண்ணு கையைப் புடிச்சு மாப்பிள்ளை கையில வெச்சாரு, அவரு சம்சாரம் பச்சையம்மா செம்புலேர்ந்து தண்ணி ஊத்தினாங்க. என் கேமராவுல எண்பத்தஞ்சுதான் இருந்துச்சு, முழுசா தொறந்து வெச்சிருந்தேன். நான் கேமராவைத் தூக்கினதும் அவரு என்னைப் பாத்து, பொண்ணுக்குக் கேக்காத மாதிரி சொன்னாரு: "தம்பி, நான் இங்க நிக்கறது எடஞ்சலா இருந்தா சொல்லு. தள்ளி நின்னுக்கறேன்."

காது

அடுத்த மல்லாட்டை புடுங்கற சமயத்துல ஏழுமலை கழனியிலயே சாஞ்சுட்டாரு. முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோற வழியிலயே உயிர் போயிடுச்சு. மருமகன் எனக்கு போன் பண்ணாரு. பேனருக்கு ஒரு படம் வேணும், பட்டு வேட்டியில இருக்கற படம்தான் வேணும்னு அத்தை சொல்றாங்கன்னாரு. நல்லதா ஒண்ணு எடுத்து அனுப்பறேன்னு சொல்லிட்டு ஹார்ட் டிஸ்க்கைத் தொறந்தேன்.

ஒண்ணொண்ணாத் தள்ளித் தள்ளிப் பாத்தேன். அந்த மனுஷன் எல்லாப் படத்துலயும் இருக்காரு, ஒரு படத்துலயும் இல்ல. பொண்ணுக்குப் பின்னால வெள்ளையா ஒரு கறை மாதிரி நிக்கறாரு. தாரை வார்க்கற படத்துல சட்டை தெரியுது, தோளு தெரியுது, முகம் இருக்க வேண்டிய எடத்துல ஒண்ணும் இல்ல. குடும்பத்தோட எடுத்த குரூப் போட்டோவுல ஓரத்துல நிக்கறாரு. அது வைடுல எடுத்தது, தலை சைடுல இழுத்துக்கிச்சு, அதுலயும் மனுஷன் பந்திப் பக்கம் திரும்பிப் பாத்துக்கினு இருக்காரு. காது மட்டும் ஷார்ப்பா வுழுந்திருக்கு. வீடியோக்காரனைக் கேட்டேன். சினிமா மாதிரி வரணும்னு அவனும் அதே மாதிரி லென்ஸைத்தான் போட்டிருந்தான். வீட்டுல ஆதார் அட்டையில ஒரு முகம் இருக்கு, கருப்படிச்சு, ஸ்டாம்பு அளவுக்கு. அமுதா போன்ல வீடியோ கால் ஸ்கிரீன்ஷாட்டு இருக்கு, அவரு போனைப் புடிச்ச லட்சணத்துல எல்லாத்துலயும் நெத்தியும் ஃபேனும்தான் தெரியுது. நல்ல படம் ஒண்ணுகூட இல்லன்னு நான் போன்ல சொல்லச் சொல்ல, அமுதா மருமகன் கையிலேர்ந்து போனை வாங்கிச்சு: "நல்லா பாருங்கண்ணா. எங்கப்பா எல்லாத்துலயும் இருப்பாருண்ணா. என் பின்னாடியேதான் இருந்தாரு."

பேனர்

பேனருக்காக சாவு காத்திருக்காது. மருமகன் ஒரு யோசனை சொன்னாரு. மங்கலா இருக்கற படத்தைக் குடுத்தா முகத்தைத் தெளிவாக்கித் தர்ற ஆப்பு இருக்கே, அதுல போடுங்கன்னாரு. எனக்கு இஷ்டம் இல்ல. ஆனா அந்த நேரத்துல யாருகிட்ட போய் வாதாடறது? தாரை வார்க்கற படத்தையே போட்டேன். கண்ணை மூடித் தொறக்கறதுக்குள்ள ஒரு முகம் வந்துடுச்சு. மூக்கு, மீசை, பல்லு எல்லாம் பளிச்சுன்னு இருக்கு. வெயில்ல வேலை செஞ்ச எந்த அடையாளமும் இல்ல. பேங்க் மேனேஜர் மாதிரி ஒரு ஆளு ஏழுமலை சட்டையைப் போட்டுக்கினு சிரிக்கறாரு. அனுப்பி வெச்சேன், என்ன பண்றது.

சாவுக்குப் போனப்போ ஊரு பஸ் ஸ்டாப்புலயே அந்த பேனரைக் கட்டியிருந்தாங்க. கண்ணீர் அஞ்சலின்னு போட்டு, கீழ பேரு. மாலையோட பஸ்ஸை விட்டு இறங்கினவங்க அதுக்கு முன்னால நின்னு மேலயும் கீழயும் பாத்துக்கினு இருந்தாங்க. நான் வண்டியை நிறுத்திட்டுத் தலையைக் குனிஞ்சுக்கினு நின்னேன். ஒரு பெரியவரு என் தோளைத் தட்டிக் கேட்டாரு: "பேரு நம்ம ஏழுமலைன்னு போட்டிருக்குது. இந்த ஆளு யாருப்பா?"

ஃபிரேம்

கருமாதிக்கு வீட்டுல மாட்டற படத்துக்காக பச்சையம்மாவே ஸ்டூடியோவுக்கு வந்தாங்க, அமுதாவும் கூட வந்துச்சு. அந்த பேனர் மூஞ்சி வேணாம், எடுத்த மாதிரியே இருக்கறதைக் காட்டு தம்பின்னாங்க. தாரை வார்க்கற படத்தைப் பெரிய ஸ்கிரீன்ல போட்டேன். அமுதா முகம் அவ்ளோ அழகு. தலையில வெச்ச மல்லிப்பூவை ஒண்ணொண்ணா எண்ணலாம். பச்சையம்மா அதைப் பாத்துக்கினே இருந்தாங்க. அப்புறம், என்ன தம்பி இப்படி ஆயிருக்கு, யாரு இப்படி எடுக்கச் சொன்னதுன்னு கேட்டாங்க.

அமுதா என்னைப் பாத்துச்சு. அழுவல. உதட்டைக் கடிச்சுக்கினு பாத்துச்சு. என் வாழ்க்கையில எத்தனையோ பேரு முகத்தை ஃபோகஸ் பண்ணியிருக்கேன், அந்த மாதிரி ஒரு முகத்தை நான் பாத்ததில்ல, எடுக்கவும் மாட்டேன். அப்பா செத்த துக்கத்தோட இதையும் அது தூக்கிக்கினு திரியணுமா? யாரும் சொல்லலம்மா, இந்த லென்ஸே அப்படித்தான்னு நான் சொன்னேன். கிட்ட இருக்கறவங்களை மட்டும் தெளிவா எடுக்கும், தூரமா நிக்கறவங்களை அழிச்சுடும், மெஷினுக்கு என்னம்மா தெரியும்னு ஏதேதோ சொன்னேன். எனக்கே வெக்கமா இருந்துச்சு. பச்சையம்மா ஸ்கிரீன் கிட்ட போய், அந்த வெள்ளைக் கறை மேல விரலை வெச்சாங்க. அங்கேர்ந்து கீழ, சட்டைக் கை, மணிக்கட்டுன்னு தடவிக்கினே வந்து, பொண்ணு கையில நிறுத்தினாங்க. அங்க ஒரு கட்டை விரல் தெளிவா இருந்துச்சு, நகத்துல கழனி மண்ணுக் கறை. நானே அதுவரைக்கும் அதைப் பாக்கல. என் பக்கம் திரும்பாமலே சொன்னாங்க: "அவரு எங்க தம்பி தூரமா நின்னாரு? எம் பொண்ணு கையைப் புடிச்சுக்கினுல்ல நின்னாரு."

புதுசா லென்ஸ் வாங்கப் போறவங்க எந்த நம்பரை வேணும்னாலும் வாங்கிக்குங்க, பச்சையம்மா கேட்ட இந்தக் கேள்விக்கு என்ன பதில் சொல்றதுன்னு கடைக்காரருக்குத் தெரிஞ்சா மட்டும் எனக்கும் ஒரு போன் போட்டுச் சொல்லிடுங்க.