அப்பாவின் மிஷினுக்குப் பின்னிய லேஸ்

புளித்த கஞ்சி வாசனை வந்தால் எனக்கு இன்றைக்கும் குமட்டும். சோறு வடித்த கஞ்சியில் நூல் விரிப்புகளை முக்கிப் பிழிந்து, பலகையில் விரித்து, விளிம்பெல்லாம் குண்டூசி குத்திக் காயப்போட வேண்டும். வெயில் அடிக்கிற ஊரில் அது ஒரு வேலையே இல்லை. எங்கள் தேயிலைத் தோட்டத்தில் மழை பிடித்தால் அடுப்படிக் கொடியில் போட்ட துணிகூடக் காயாது. கஞ்சி துணிக்குள்ளேயே இருந்து புளிக்கும். வெள்ளை நூலில் கறுப்புப் புள்ளி விழும். மாமி அதைத் தூக்கி மூக்குக்குக் கிட்ட வைத்து மோந்து பார்ப்பார். பிறகு இரண்டு விரலால் பிடித்து என் மடியில் போடுவார்.

"நாறுது புள்ள. திரும்ப அலசு."

நான் திரும்ப அலசுவேன். நாற்றம் பிடித்த அந்த வேலையில் என் கல்யாண வாழ்க்கையின் முதல் வருஷங்கள் போயின.

என் அப்பா அட்டனில் தையல்காரர். ஒரு புடவைக் கடையின் முன்வாசலில், படிக்கட்டை ஒட்டின மூலையில், காலால் மிதிக்கிற மிஷினைப் போட்டு உட்கார்ந்திருப்பார். வீட்டில் கையால் சுற்றுகிற பழைய மிஷின் ஒன்று இருந்தது. அவர் தொழில் தொடங்கியது அதில்தான், நான் தையல் பழகியதும் அதில்தான். கறுப்பு மேனியில் தங்கப் பூவும் கொடியும் போட்டிருக்கும். ஆனால் அப்பா துணியைத் தள்ளித் தள்ளி, உள்ளங்கை படுகிற இடத்தில் பூவெல்லாம் தேய்ந்து வெறும் இரும்பு பளபளத்தது. எனக்குக் கல்யாணம் ஆனபோது அதைத்தான் துடைத்து, எண்ணெய் போட்டு, மரப்பெட்டியோடு தந்தார். அதைவிடப் பெரிய சீர் அவரிடம் இல்லை. எனக்கும் வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

என்னைக் கட்டியவர் நோர்வூட் பக்கம் ஒரு தோட்டத்தில் கணக்கப்பிள்ளை. கூலியாட்கள் குடியிருக்கிற லயங்களுக்குப் போகிற பாதையை ஒட்டி, தகரக் கூரை போட்ட தனி வீடு. வீட்டில் அவரைப் பெற்ற மாமியும், அவருடன் பிறந்த தங்கச்சியும் இருந்தார்கள். வந்து கொஞ்ச நாளில் மிஷினை எடுத்து ஜன்னலோரம் வைத்து ஒரு ஜாக்கெட் தைக்க உட்கார்ந்தேன். சக்கரம் சுற்றுகிற சத்தம் கேட்டு மாமி உள்ளேயிருந்து ஓடி வந்தார்.

"கணக்கப்பிள்ளை பொண்டாட்டி மிஷின் ஓட்டுனா என்ன ஆகும் தெரியுமா? லயத்துல இருந்து ஆளாளுக்கு அழுக்குத் துணியத் தூக்கிட்டு வந்து வாசல்ல நிப்பாங்க. அப்புறம் எவ நம்மள மதிப்பா?"

நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் செருப்பில் ஒட்டின மண்ணைக் குச்சியால் சுரண்டிக்கொண்டிருந்தார்.

"அம்மா சொல்றதக் கேளு" என்றார்.

மிஷின் முன்அறை மேசைக்குப் போனது. அங்கே போனதும் அடுத்த குறை. வருகிறவர்கள் பார்வைக்குத் தேய்ந்த இடம் தெரிகிறதாம். பழசு என்று கண்டுபிடித்துவிடுவார்களாம். துரை பங்களாவில் துரைசாணியின் மிஷினுக்கு வெள்ளை லேஸ் போட்டிருந்ததை மாமி எப்போதோ எட்டிப் பார்த்திருக்கிறார். நான் பள்ளிக்கூடத்தில் கொக்கி ஊசியால் லேஸ் பின்னப் பழகியவள் என்பதும் அவருக்குத் தெரியும். நூல்கண்டு வந்தது. மிஷின் முதுகுக்கு நீளமாக ஒன்று, சக்கரத்துக்கு வட்டமாக ஒன்று, நூல்கட்டை மாட்டுகிற கம்பிக்கு நடுவில் ஓட்டை விட்டு ஒரு குட்டிப் பூ, அடிப்பலகைக்கு நாலு மூலையிலும் குஞ்சம் வைத்து ஒன்று. அப்பாவின் கை பட்டுத் தேய்ந்த இடத்தை மூடுவதற்குத்தான் இவ்வளவும். மூடி முடித்துத் தள்ளி நின்று பார்த்தேன். பாடையில் கிடத்தி அலங்காரம் செய்தது மாதிரி இருந்தது.

லேஸ் பின்னுவது பிடிக்காத வேலை அல்ல. நல்ல நூலும் ஓய்ந்த மனசும் இருந்தால் கை தன்பாட்டுக்கு ஓடும். ஆனால் பின்னியதெல்லாம் எதற்கு? அடுப்புப் புகையில் நூல் பழுப்பேறும். கஞ்சி ருசிக்குக் கரப்பான்பூச்சி வரும். விரிப்பைத் தூக்கினால் சக்கரத்துக்கு அடியிலிருந்தும் ஊசித்தண்டுக்குப் பின்னாலிருந்தும் மீசையை ஆட்டிக்கொண்டு வெளியே ஓடும். நூல் வளையத்துக்குள் அதன் முட்டைக்கூடு உளுத்தம்பருப்பு அளவில் ஒட்டியிருக்கும். நகத்தால் பெயர்க்கும்போது பிசுக்கென்று உடையும். கையை எத்தனை தடவை கழுவினாலும் சோறு பிசையும்போது அந்தப் பிசுக்கு ஞாபகம் வந்துவிடும். "மேல வெள்ளையா இருக்கா, அது போதும்" என்பார் மாமி.

இந்த வியாதி மற்ற உத்தியோகத்தர் வீடுகளுக்கும் தொற்றியது. பெரிய கிளாக்கர் வீட்டம்மா வந்து பார்த்துவிட்டு, "எனக்கும் ஒரு செட்" என்றார். அடுத்தது டீமேக்கர் வீட்டம்மா. மாமி பெருமையோடு எல்லாருக்கும் வாக்குக் கொடுத்தார், பின்னுகிற கை என்னுடையது. அந்த வீடுகளுக்கு விரிப்புகளைக் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வருவதும் நான்தான். ஒரு வீட்டில்கூட மிஷின் ஓடி நான் பார்த்ததில்லை. பெரிய கிளாக்கரின் பிள்ளை அக்குளில் கிழிந்த சட்டையோடு மூக்கை ஒழுக்கிக்கொண்டு நின்றான். பக்கத்தில் அவனுடைய அம்மா மிஷினின் லேஸை நீவி நீவிச் சரிபண்ணிக்கொண்டிருந்தார். எனக்கு அங்கே தந்த தேத்தண்ணியை அப்படியே வைத்துவிட்டு வந்தேன்.

ஒருநாள் அப்பா என்னைப் பார்க்க வந்தார். சட்டைப் பையில் மிஷின் எண்ணெய்ப் போத்தல். வந்து உட்கார்ந்து, நாலு வார்த்தை பேசிவிட்டு, பழக்கதோஷத்தில் மிஷின் பக்கம் போய் விரிப்பைத் தூக்கினார்.

"சம்மந்தி, எண்ணெ பட்டா லேஸ் வீணாப் போயிரும்" என்றார் மாமி, சிரித்தபடியே.

அப்பா கையை எடுத்துக்கொண்டார். சும்மா தொட்டுப் பார்க்கிறவர் மாதிரி சக்கரத்தைக் கொஞ்சம் அசைத்தார். அது நறநறவென்றது. அவர் முகம் சுருங்கியதை நான் மட்டும் பார்த்தேன். பஸ்ஸுக்கு நடக்கும்போது எண்ணெய்ப் போத்தலை என் கையில் வைத்தார்.

"சுத்தாம வச்சா இறுகிப் போயிரும்மா" என்றார். அவ்வளவுதான்.

பஸ் போன பிறகு எனக்கு அழுகை வரவில்லை. வாயெல்லாம் கசந்தது. வீட்டுக்குத் திரும்பி வந்து முன்அறையைப் பார்த்தபோது, அந்த வெள்ளைப் பூக்களின்மேல் காறித் துப்பினால் என்ன என்று தோன்றியது.

பிறகு நாத்தனாரைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை திம்புள்ளப் பக்கம் ஒரு தோட்டத்தில் கிளாக்கர். அவருடைய அம்மாவும் சித்தியும் வந்திருந்தார்கள். நான் அடுப்படியில் வடை சுட்டுக்கொண்டிருந்தேன். நடுவில் ஒரு பலகைத் தடுப்புத்தான், பேசுவதெல்லாம் கேட்கும்.

"இந்தப் பின்னலெல்லாம் எங்க பொண்ணு கையால பின்னுனது" என்றார் மாமி. "மிஷினும் அவளுக்குன்னு வாங்கி வச்சதுதான்."

வடைமாவு என் கையிலேயே நின்றுவிட்டது.

"அப்புடியா? நீயா பின்னுன?" என்று மாப்பிள்ளையின் அம்மா பெண்ணைக் கேட்டார்.

நாத்தனார் வாயாடி அல்ல. பெரியவர்கள் முன்னால் தலை நிமிராத பெண். ஆனால் அன்றைக்குத் தெளிவாகச் சொன்னாள்:

"இல்லீங்க. அண்ணி பின்னுனது. மிஷினும் அண்ணியோடதுதான். எனக்கு ஊசி புடிக்கவே தெரியாது."

"வெக்கத்துல ஏதோ சொல்றா" என்று மாமி சிரித்தார். அந்தச் சிரிப்பு இருக்கிறதே, கஞ்சியைவிடப் புளித்த சிரிப்பு.

நான் வடைத்தட்டை எடுத்துக்கொண்டு முன்அறைக்குப் போனேன். மாப்பிள்ளையின் அம்மா மிஷினின் முதுகு விரிப்பைத் தூக்கி வேலைப்பாடு பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளேயிருந்து பெரிய கரப்பான் ஒன்று அவருடைய மணிக்கட்டில் ஏறி, அவர் உதறிய வேகத்தில் நேராக வடைத்தட்டில் விழுந்து மல்லாந்து காலை உதைத்தது. என் வீட்டுக்காரர் அதை விரலால் சுண்டிவிட்டு, பக்கத்து வடையை எடுத்துக் கடித்தார்.

இதோடு சம்பந்தம் முறியும் என்று நினைத்தேன். அந்த அம்மா சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "பொண்ணு எங்களுக்குப் புடிச்சிருக்கு. அண்ணியோடதோ யாரோடதோ, இந்த மிஷினும் பூ விரிப்பும் பொண்ணோட வந்துரணும். எங்க பக்கம் எல்லா வீட்லயும் இருக்கு, எங்க வீட்லதான் இல்ல."

"அதுக்கென்ன, குடுத்துட்டாப் போச்சு" என்றார் மாமி.

நான் தட்டோடு அங்கேயே நின்றுகொண்டிருந்தேன். என் பக்கம் ஒருவரும் திரும்பவில்லை. என் வீட்டுக்காரர் இன்னும் மென்றுகொண்டிருந்தார், உதட்டோரம் எண்ணெய். இந்த வாய்க்கா இத்தனை நாள் சோறு ஆக்கிப் போட்டேன் என்று நினைத்தேன்.

மறுநாள் காலையில் அவர் வேலைக்கு மலைக்குப் போனார், மாமி கோயிலுக்குப் போனார். நாத்தனார் அடுப்படிக்கு வந்து நின்றாள்.

"அண்ணி, நீங்க குடுக்காதீங்க."

"நான் எங்க குடுக்குறேன்? அவங்கல்ல குடுக்குறாங்க."

சொல்லிவிட்டு முன்அறைக்குப் போய் விரிப்புகளை ஒவ்வொன்றாக உருவி வாளியில் போட்டேன். மிஷினைத் தூக்கி வெளி வெராந்தாவில் வைத்தேன். ஈர்க்குச்சியால் முட்டைக்கூடுகளைச் சுரண்டினேன். மண்ணெண்ணெய் ஊற்றித் துருவைக் கழுவினேன். உள்ளேயிருந்து கரப்பானின் உடைந்த இறக்கைகளும் காலும் கறுப்புக் கசடும் வழிந்தன. ஆனாலும் விடவில்லை. பிறகு அப்பாவின் எண்ணெயை விட்டேன். முதலில் முரண்டு பிடித்தது. மெல்ல மெல்லச் சக்கரம் வழிக்கு வந்தது.

அந்த நேரத்தில் கொழுந்துக்காரப் பெண் ஒருத்தி கூடையோடு பாதையில் வந்தாள். இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கு பாதிவரை கிழிந்து தொங்கியது.

"அக்கா, அந்தப் படங்க இங்க கொண்டாங்க. தைச்சுத் தாறேன்."

அவள் பயந்துபோய் வீட்டுக்குள் எட்டிப் பார்த்தாள். "வேணாங்கம்மா, பெரியம்மா வைவாங்க. இது அழுக்கு."

"கொண்டாங்க சொல்றேன்."

அழுக்குத்தான். பனியில் ஊறிக் கனத்த சாக்கு, தேயிலைச் சாயம், அட்டை கடித்த ரத்தம், வேர்வை. மடித்து வைத்ததும் ஒரு ஊசி படக்கென்று முறிந்தது. தடித்த ஊசி போட்டு மெதுவாகச் சுற்றினேன். சணல் தூசி பறந்து மூக்கில் ஏறியது. அந்த வாசனை ஒன்றுதான் அந்த வீட்டுக்கு வந்த பிறகு என்னைக் குமட்ட வைக்காத வாசனை.

அவள் போய்ச் சொல்லியிருப்பாள். சாயங்காலத்துக்குள் இன்னும் சிலர் வந்துவிட்டார்கள். மாமி கோயிலுக்குப் போய், டீமேக்கர் வீட்டிலும் பகல் முழுக்க இருந்துவிட்டு ஆற அமரத் திரும்பி வந்தபோது வெராந்தாப் படியில் சாக்குகள் குவிந்து கிடந்தன. சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"அடி பாவி! அந்தப் பீத்தச் சாக்கையா மிஷின்ல வச்ச?"

"ஆமா மாமி. நல்லாத் தைக்குது."

என் வீட்டுக்காரர் மலையிலிருந்து வந்து, வாசலில் நின்ற ஆட்களை விரட்டிவிட்டு என்னிடம் கத்தினார். "மானத்த வாங்குறியா? நாளைக்குப் பெரட்டுல ஆள் கூப்பிடுறப்ப என்னைய எவன் மதிப்பான்?"

"எங்கப்பா குடுத்த பொருளக் கேக்காமத் தூக்கிக் குடுத்தப்ப மானம் எங்க போயிருந்திச்சு? வடை திங்கப் போயிருந்திச்சா?"

அடிக்கத்தான் போகிறார் என்று நினைத்தேன். கையை ஓங்கவில்லை. நாத்தனார் எனக்கும் அவருக்கும் நடுவில் வந்து நின்றிருந்தாள்.

தோட்டத்தில் எதுவும் ஒளியாது. விஷயம் திம்புள்ளவரைக்கும் போய், அங்கேயிருந்து ஆள் வந்தது. கூலியாட்களின் சாக்குத் தைத்த மிஷின் தங்கள் வீட்டுப் படி ஏறக் கூடாதாம், புதுசு வாங்கித் தர வேண்டுமாம். கரப்பான் ஓடின மிஷின் ஏறலாம், சாக்கு ஏறின மிஷின் ஏறக் கூடாது. மாமி தன் வளையல்களை விற்றுப் புது மிஷின் வாங்கினார். கல்யாணமும் நடந்தது. அதற்குப் பிறகு மாமி என்னிடமிருந்து தண்ணீர்ச் செம்பை விரல் படாமல் வாங்கத் தொடங்கினார். மாமியின் அம்மா இதே மலையில் கொழுந்து கிள்ளியவர், மாமி பிறந்ததும் லயத்து ஒற்றை அறைக் காம்பராவில்தான். அது எல்லாருக்கும் தெரியும், அந்த வீட்டில் ஒருவரும் அதைப் பேசியதில்லை. அவர் செம்பின் கழுத்தை நுனி விரலால் பிடிக்கும்போதெல்லாம் எனக்கு அது ஞாபகம் வரும். யாருக்கு யார்மேல் அருவருப்பு என்றே தெரியாமல் போகும்.

நான் தைப்பதை நிறுத்தவில்லை. என் வீட்டுக்காரர் பல மாதம் என்னோடு பேசவில்லை. அந்த அமைதி எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது.

தலைத்தீபாவளிக்கு நாத்தனார் வந்தாள். வெராந்தாவில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கொஞ்சம் மெலிந்திருந்தாள்.

"அண்ணி, மாமியார் புது மிஷினுக்குப் பூ விரிப்பு கேட்டு உயிர வாங்குறாங்க."

"பின்னித் தர மாட்டேன். வேணும்னா மிஷின் ஓட்டச் சொல்லித் தாறேன்."

"எனக்கு ரெண்டுமே வேணாம் அண்ணி" என்று சிரித்தாள். அந்த வருஷம் அந்த வீட்டில் நான் கேட்ட உண்மையான சிரிப்பு அது ஒன்றுதான்.

மிஷினில் ஒரு பிள்ளைச் சட்டை பாதியில் நின்றது. இரண்டு கையாலும் துணியைப் பிடிக்க வேண்டியிருந்ததால், கைப்பிடியைச் சுற்று என்றேன். அவளுக்கு வேகம் பிடிபடவில்லை, ஒரு நேரம் வேகமாகச் சுற்றினாள், ஒரு நேரம் நிறுத்தினாள். தையல் கோணலாகப் போனது. உள்ளே மாமி கதவை இழுத்து அறைந்து சாத்தினார். நாங்கள் திரும்பிப் பார்க்கவில்லை.