என் பெயரில் இரண்டு சீட்டு

வாலிபர் முகாம் என்றால் ஜெபமும் பாட்டும்தான் என்று நினைப்பவர்கள் ஒருமுறை வந்து, நாற்பத்திரண்டு பேருக்கு மூன்று கழிவறை என்ற கணக்கைத் தீர்த்துவிட்டுப் போகட்டும். பதினொரு வருடமாக அந்தக் கணக்கோடு மல்லுக்கட்டுகிறவள் நான். பேராதனையிலிருந்து கலஹா போகும் வீதியில், தேயிலைக்கு நடுவே இருக்கும் ஒரு பழைய பங்களாவை ஓகஸ்ட் விடுமுறையில் ஒரு வாரத்துக்கு எடுப்போம். கண்டி, வத்தேகம, ஹேவாஹெட்ட பக்கத்துப் பிள்ளைகள் வருவார்கள். எல்லாம் பதினைந்து, பதினாறு வயது. பாடசாலையில் டீச்சரைக் கண்டால் தூணுக்குப் பின்னால் போகிற வயது. முகாமில் தூணும் கிடையாது.

என் குணத்தையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். எனக்கு முன்கோபம் அதிகம். எதற்கும் பட்டியல் போடுகிறவள். பட்டியலில் இல்லாதது உலகத்திலேயே இல்லை என்று நம்புகிறவள். அந்த வருடம் நடந்த கோளாறு முழுவதற்கும் இந்த நம்பிக்கைதான் காரணம்.

எங்கள் முகாமில் ‘இரகசிய நண்பர்’ என்று ஒரு வழக்கம் உண்டு. திங்கட்கிழமை மாலை எல்லாருடைய பெயரையும் சீட்டில் எழுதி, சட்டியில் போட்டுக் குலுக்குவோம். யாருடைய பெயர் கையில் வருகிறதோ அவருக்கு நீங்கள் இரகசிய நண்பர். சனிக்கிழமை வரை அவருக்குத் தெரியாமல் ஏதாவது நல்லது செய்ய வேண்டும். ஒரு டொபி, ஒரு வேத வசனம், கையால் எழுதிய நாலு வரி, எதுவானாலும் சரி. உணவறைச் சுவரில் கயிறு கட்டி ஆளுக்கொரு காகித உறை தொங்கவிடுவோம், போடுவதெல்லாம் அதற்குள்தான். சனிக்கிழமை பின்னேரம் எல்லாரும் எழும்பி, ‘நான்தான்’ என்று சொல்லிக் காட்டிக்கொள்வோம். சமையல்கார அண்ணனிலிருந்து பிரசங்கியார் வரை யாருக்கும் விலக்கில்லை.

அந்த வருடப் பிரசங்கியார் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த ஓய்வுபெற்ற போதகர். எழுபது தாண்டியவர், நல்ல உயரம், சட்டைப் பையில் எப்போதும் ஒரு சிவப்புப் பேனை. வந்து இறங்கியதும் தேத்தண்ணிகூடக் குடிக்காமல், எங்கள் அறிவித்தல் பலகையில் இருந்த இரண்டு எழுத்துப் பிழைகளைத் திருத்தினார். பலகை எழுதியது நான். இருபத்தாறு வருடமாக மற்றவர்களுடைய கொப்பிகளைத் திருத்திய எனக்கு அந்த நிமிடமே அவரைப் பிடிக்காமல் போய்விட்டது.

செவ்வாய்க்கிழமை காலை என் உறைக்குள் இரண்டு சாமான்கள் இருந்தன. ஒரு டொபி, அதோடு சின்ன ஓலைக் குட்டானில் ஒரு பனங்கட்டி. புதன்கிழமையும் அதேபோல இரண்டு. எனக்குப் பெருமை தாங்கவில்லை. கண்டிப்பான டீச்சராக இருந்தாலும் பிள்ளைகள் மனதில் இடம் பிடித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு பனங்கட்டியைக் கடித்துக் கடித்துத் தேத்தண்ணி குடித்தேன். யாழ்ப்பாணத்துக்குச் சுற்றுலா போய்வந்த யாரோ ஒரு பிள்ளை தருகிறது என்பது என் முடிவு.

போதகரும் தினமும் சாப்பாடு முடிந்ததும் அந்தச் சுவர் ஓரமாக நடப்பார். தன் உறைக்குள் இரண்டு விரலை விட்டுப் பார்ப்பார். பிறகு யன்னல் பக்கம் திரும்பி மழையைப் பார்த்துக்கொண்டு நிற்பார். உறைகளில் எழுதியிருக்கும் பெயர்களில் பிழை தேடுகிறார் என்று நினைத்து நான் பல்லைக் கடித்தேன்.

முகாமின் தலைப்பு ‘மகிழ்ச்சி’. மஞ்சள் துணியில் பெரிதாக எழுதித் தொங்கவிட்டிருந்தோம். செவ்வாய்க்கிழமை அவர் அதைப் பற்றித்தான் பேசினார். பேச்சுக்கு நடுவே, ஹேவாஹெட்டப் பக்கத்துப் பிள்ளை ஒருத்தி, வாய் மூடாதவள், அவர் ‘அப்படியா’ என்பதற்கு ‘ஓமோ?’ என்று கேட்பதைப் போலவே தாழ்ந்த குரலில் கேட்டுக்காட்ட, ஒரு வரிசையே குலுங்கிச் சிரித்தது. நான் அவளை வெளியே இழுத்துப் போனேன்.

“நாளைலேருந்து விடியக்காலைல அஞ்சரைக்கு சமையலறைல இருக்கணும். தேங்காய் துருவணும். சனிக்கிழமை வரைக்கும்.”

“சரிங்க டீச்சர்” என்றாள். அதையும் சிரித்துக்கொண்டே சொன்னாள்.

புதன்கிழமை போதகர் யோபுவின் பாடுகளைப் பற்றிப் பேசினார். வியாழக்கிழமை, எலியா சூரைச்செடியின் கீழ் இருந்து சாக விரும்பியதைப் பற்றி முக்கால் மணி நேரம். பின்னால் மஞ்சள் துணியில் ‘மகிழ்ச்சி’ ஆடிக்கொண்டிருந்தது. பேசி முடித்ததும் என்னிடம் வந்தார்.

“பிள்ளை, நான் நாளைக்குக் காலமை வெளிக்கிடுறன். இஞ்சை என்னாலை ஒருத்தருக்கும் பிரயோசனம் இல்லைப் போல கிடக்கு.”

“ஐயா, ஞாயித்துக்கிழமை ஆராதனை இருக்கே! அதுவும் இது பெரஹெரத் திருவிழா நேரம், கண்டிக்குள்ள வாகனம் நகராது.”

“நடந்து போவன்” என்றார்.

பிள்ளைகளும், ஞாயிறு ஆராதனைக்கு வரும் பெற்றோர்களும், ஆள் இல்லாத பிரசங்கப் பீடமும் என் கண்ணுக்குள் வந்தன. மனத்தேறுதலுக்காக என் உறையைப் பார்க்கப் போனேன். டொபி இருந்தது. பனங்கட்டி இருந்தது. அப்போதுதான் என் மரமண்டைக்கு ஒன்று உறைத்தது. இரண்டையும் சுற்றியிருந்த தாள்களில் இருந்தது இரண்டு வேறு வேறு கையெழுத்து. இரண்டு பேர் எனக்குத் தருகிறார்கள் என்றால் என் பெயரில் இரண்டு சீட்டு போயிருக்கிறது. திங்கட்கிழமை நான் சீட்டு எழுத ஆரம்பிக்கும்போது பேனை எழுதுகிறதா என்று பார்க்க என் பெயரைத்தான் எழுதினேன். பிறகு பட்டியலைப் பார்த்து எழுதும்போது மறுபடியும் எழுதினேன். இரண்டும் சட்டிக்குள் போய்விட்டன. ஆனால் சீட்டுகளை எண்ணிப் பார்த்தபோது நாற்பத்திரண்டு சரியாக இருந்ததே! அப்படியென்றால் ஒருவருடைய பெயர் விடுபட்டிருக்க வேண்டும். பதிவுப் பட்டியலில் இல்லாத ஒரே ஆள் விருந்தினராக வந்த போதகர். பிள்ளைகள் பிறகு எழுதித் தொங்கவிட்ட அவருடைய உறையைத் தொட்டுப் பார்த்தேன். தட்டையாக இருந்தது. என் கையிலிருந்த பனங்கட்டி எந்த ஊரிலிருந்து, யாருடைய பையில் வந்தது என்பதும் அப்போதுதான் விளங்கியது. மூன்று நாளாக அந்த மனிதர் தந்ததைத் தின்றுகொண்டு அவரையே திட்டியிருக்கிறேன். எனக்கு உண்மையிலேயே அழுகை வந்தது.

போய்ச் சொல்லியிருக்கலாம். “ஐயா, உங்களை மறந்துவிட்டோம்” என்று அந்த முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. அதனால் நானே அவருடைய இரகசிய நண்பராகிவிட்டேன். இடது கையால், ஒரு பிள்ளை எழுதியது போல மூன்று பிழை விட்டு ஒரு கடிதம் எழுதினேன். வேண்டுமென்றே பிழை விடுவது எனக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்பது ஆசிரியர்களுக்குத்தான் தெரியும். உங்கள் பிரசங்கம் எனக்கு ஆறுதல், போய்விடாதீர்கள் என்று எழுதி, இரண்டு டொபியோடு உறைக்குள் போட்டேன்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அவர் அதை எடுத்து நின்றபடியே வாசித்தார். திருப்பி மறுபடியும் வாசித்தார். சிவப்புப் பேனையை எடுத்து என்னவோ எழுதி, கடிதத்தை உறைக்குள்ளேயே வைத்துவிட்டுப் போனார். ஓடிப்போய்ப் பார்த்தேன். ‘மூன்று பிழை. கருத்து நன்று. தொடர்ந்து எழுதவும்.’

டொபிகள் சமையலறைக்கு வந்து சேர்ந்தன. “ஐயாவுக்குச் சீனி வருத்தமாம் டீச்சர், எனக்குக் குடுத்துட்டாரு” என்று அண்ணன் சப்பிக்கொண்டே சொன்னார். முச்சக்கரவண்டி பிடித்துக் கடைக்குப் போய், சீனியில்லாத பிசுக்கோத்து வாங்கி வந்து, இன்னொரு கடிதத்தோடு உறைக்குள் போட்டேன்.

வெள்ளிக்கிழமை போதகர் வெளிக்கிடவில்லை. கானாவூர்க் கலியாணத்தைப் பற்றிப் பேசி, நடுவில் ஒரு பகிடியும் விட்டார். பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

“எனக்கு எழுதுறது ஆர் எண்டு கண்டுபிடிச்சிட்டன் பிள்ளை. அந்தச் சிரிக்கிற பெட்டைதான். வேத வினாப் போட்டியிலை அவளின்ரை தாளைத் திருத்தினனான், அச்சொட்டா அதே பிழையள். பாருங்கோ, குழப்படிக்காரரிட்டைத்தான் இருதயம் கிடக்கு.”

என் வகுப்புப் பிள்ளைகளின் பிழைகளைத்தான் நான் கடன் வாங்கியிருந்தேன். அவளும் அதையே விடுகிறவள் போலும். கடையேறி இறங்கியது நான், புகழ் அவளுக்கு. எனக்குப் பொறாமையாக இருந்தது என்பதை மறைப்பானேன்.

சனிக்கிழமை பின்னேரம் புல்வெளியில் வட்டமாகக் கதிரை போட்டு உட்கார்ந்தோம். முதலில் எழும்பியவர் போதகர். கடைசிப் பனங்கட்டியோடு என் முன்னால் வந்து, “பிள்ளை, நான்தான்” என்றார். நான் வாயில் கைவைத்து ஆச்சரியப்பட்டுக் காட்டினேன். வத்தேகமப் பையன் ஒருவனும் எழும்பி, “டீச்சர், நானுந்தான்” என்றபோது எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் புல்லைப் பார்த்தேன்.

போதகர் அந்தச் சிரிக்கிற பிள்ளையின் பக்கம் திரும்பினார். “இனி ஒளிக்க வேண்டாம் மகள். உன்ரை கடிதங்கள் எனக்குப் பெரிய ஆறுதல்.”

அவள் எழும்பினாள். முதல் தடவையாக முகத்தில் சிரிப்பு இல்லை.

“கடுதாசி நான் எழுதல ஐயா. சுடுதண்ணி மட்டுந்தான்.”

“என்ன சுடுதண்ணி?”

“காலைல ஒங்க கதவுக்கிட்ட வாளில வைக்கிறது. அடுப்பு பத்தவச்ச ஒடனே கொதிக்க வச்சிருவேன்.”

“அது சமையல்காரத் தம்பி வைக்கிறது எண்டெல்லே நான் நினைச்சனான்!”

“இல்லீங்க ஐயா. செவ்வாக்கெழமையே பாத்தோம், ஒங்க கவர்ல ஒண்ணுமே இல்ல. நீங்க கைய விட்டுப் பாத்துட்டு ஜன்னல்கிட்ட போய் நின்னீங்க. பாவமா இருந்துச்சு. ஒங்க சீட்டு யாருக்கு விழுந்துச்சுன்னும் தெரியல.” என் பக்கம் திரும்பி, “டீச்சர் கவர்ல மட்டும் ரெண்டு ரெண்டா இருந்துச்சு. டீச்சரே வாங்கி வச்சுக்கிறாங்கன்னு நெனச்சோம்” என்றாள்.

வட்டம் முழுவதும் சிரித்தது. அண்ணன் கதிரையிலிருந்து விழப் பார்த்தார். இனி மறைக்க ஒன்றுமில்லை. எழும்பி, பேனை பார்த்ததிலிருந்து இடது கை வரை எல்லாவற்றையும் சொன்னேன். சிரிப்பு மெல்ல அடங்கியது. போதகர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அப்ப எனக்கெண்டு ஒரு சீட்டும் இல்லையோ?”

“இல்லைங்க ஐயா. மன்னிச்சுக்கங்க.”

அவர் யோசித்தார். பிறகு அந்தப் பிள்ளையின் தலையில் கையை வைத்து, “சீட்டு விழாமலே செய்திருக்கிறாள்” என்றார்.

அன்றைக்கு எனக்குச் சரியாகத் தூக்கம் இல்லை. என் பட்டியலுக்கு மூன்று நாள் பிடித்த விஷயம் வாயாடிப் பிள்ளைக்கு ஒரு காலையில் தெரிந்திருக்கிறது. அவளை நான் தண்டித்தேன். தண்டனைக்குப் போன இடத்திலிருந்தே அவள் அவருக்கு வேண்டியதைச் செய்திருக்கிறாள். வெட்கமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை, சுடுதண்ணீரை இன்றைக்காவது நான் வைக்கிறேன் என்று சமையலறைக்குப் போனேன். அவள் எனக்கு முன்னால் அங்கே நின்றுகொண்டிருந்தாள். வாளியில் ஆவி பறந்தது.

“ஒன் தண்டனைதான் நேத்தோட முடிஞ்சுதே” என்றேன்.

“தெரியும் டீச்சர்” என்றாள். “சும்மா நிக்காம ஒரு பக்கம் பிடிங்க, பாரமா இருக்கு.”

பிடித்தேன்.